கக்கூசு எங்கன்னு கேட்டுட்டு வண்டிய வாங்கு

நியூசிலாந்துக்குப் போயி, வூடு வச்சிக் கட்டுன வண்டி ஒண்ண வாங்கி, அதுலயே ஆறு மாசம் ஊரு சுத்தப் போறியாமே தம்பி? ஒங்கம்மா சொல்லுச்சி. சொல்லிட்டு மூக்கச் சிந்துச்சி. நான் சிரிச்சன். அதுக்குக் கோவம் வந்துடுச்சி.

சிரிக்காம என்னா பண்றது? கள்ளக்குறிச்சியில ஒனக்கு ஒரு வூடு இருக்குது. தளம் போட்டது, ஓதம் அடிக்காதது. பொங்கலுக்கு வந்தா ரெண்டாம் நாளே "போர் அடிக்குது"ன்னு பொட்டியக் கட்டுற. சென்னையில ஒரு வாடக வூடு, அதுக்குப் பாதி சம்பளம் போவுது. இப்ப மூணாவதா ஒண்ணு வேணும். அதுக்கு நாலு சக்கரம் வேணும். அது கடலுக்கு அந்தாண்ட நிக்கணும். வூடுவாசலே வாண்டாம், காத்து மாதிரி திரியணும்னு கெளம்பறவன் மொத வேலையா வூடு வாங்கறானே, இது எந்த ஊரு ஞாயம்?

பயப்படாத, தடுக்க மாட்டன். நான் மாட்டுத் தரகு பாத்து வயிறு வளத்தவன். கையில காசும் கண்ணுல ஆசையுமா நிக்கறவன எந்தத் தரகனாவது தடுத்துருக்கானா? எந்த மாட்டுல கைய வைக்கறான்னு மட்டும் பாத்துக்குவம். பேத்திகிட்ட சொல்லி அந்த ஊரு சட்டதிட்டம் எல்லாத்தையும் போன்ல படிக்கச் சொன்னன். அதுக்கு நாக்கு வறண்டு போச்சி. எனக்குப் பொழுது நல்லாப் போச்சி.

மொதல்ல நீ அனுப்புன படத்துக்கு வரன். பின் கதவத் தொறந்தா நேரா கடலு. மெத்தமேல வெள்ளத் துப்பட்டி, ஒரு சுருக்கம் கெடையாது. ஒரு பொண்ணு கம்பளிச் சட்ட போட்டுக்கிட்டு, காப்பிக் கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு மலையப் பாக்குது. பக்கத்துல நாயி ஒண்ணு, அதுவும் மலையத்தான் பாக்குது. ரொம்ப நல்லாருக்குது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு காலையில எந்திரிச்சி எங்க போயிட்டு வந்துச்சி?

முகத்தச் சுளிக்காத. நீதான் கொல்லிக்குப் போற பேச்சு எடுத்தா முகத்தச் சுளிக்கற. அந்த ஊரு பார்லிமெண்டு சுளிக்கல. ஒக்காந்து பேசி சட்டமே போட்டுருக்குது. 2011ல ஒரு சட்டம், காசு கட்டாம கண்ட எடத்துல வண்டிய நிறுத்திப் படுக்கறவங்களுக்காக. அப்பறம் 2023 ஜூன்ல அதத் திருத்தி இன்னும் இறுக்கிட்டாங்க. என்னான்னு தெரியுமா? வண்டிக்குள்ள கக்கூசு இருக்கணும். எடுத்து வைக்கற மாதிரி டப்பா இருந்தா செல்லாது, தரையோட புடிச்சி வச்சதா இருக்கணும். அது மட்டுமில்ல, ராத்திரி படுக்கைய விரிச்சிப் போட்ட பெறவும் அதுல ஒக்கார முடியணும். மூணு நாளைக்குத் தண்ணி, மூணு நாள் அழுக்குத் தண்ணியத் தேக்கி வைக்க ஒரு தொட்டி, மூடி போட்ட குப்பக்கூட. இதெல்லாம் இருக்குதுன்னு ஆளு வந்து பாத்து எழுதிக் குடுத்தாத்தான் பச்சக் கலர்ல ஒரு சீட்டு. அது நாலு வருசத்துக்குச் செல்லும். எத்தன பேரு படுக்கலாம்னும் அதுலயே போட்ருக்கும். அந்தச் சீட்டு இல்லாம அதுக்குன்னு ஒதுக்குன எடத்துல ராத்திரி தங்குனா 400 டாலர் அபராதம்.

சன்னல் கண்ணாடிக்கு வெளிய கடல் தெரியணும்னு நீ பாக்கற. படுக்கைய விரிச்சா முட்டி இடிக்குதான்னு சர்க்காரு பாக்குது. இதுல யாருக்குப் புத்தி அதிகம்னு நீயே சொல்லு.

அப்பறம் இன்னொண்ணு. அந்தக் கக்கூசுக்கு அடியில ஒரு பொட்டி இருக்கும். ரொம்பிடிச்சின்னா வெளியப் பக்கம் ஒரு சின்னக் கதவத் தொறந்து உருவணும். தூக்கிக்கிட்டுப் போயி, அதுக்குன்னு கட்டி வச்சிருக்கற தொட்டியில ஊத்தணும். ஊத்திட்டு அலசணும். அலசிட்டு நாத்தம் வராத நீல மருந்த வுடணும். யாரு பண்றது? மாட்டுக் கொட்டாயில சாணி அள்ளச் சொன்னா "அலர்ஜி"ன்னு மூக்குல துணியக் கட்டிக்கிட்டவன் நீதான? அங்க ஆளு வச்சிக்க முடியாது தம்பி. வண்டிக்கு ஓனரும் நீ, டிரைவரும் நீ, தோட்டியும் நீ. இத அந்தப் படத்துல ஒருத்தரும் போடல பாரு.

சரி, ஏன் நியூசிலாந்து? இதுல மட்டும் ஒன்னப் பாராட்டுவன், தெரிஞ்சி பண்ணியோ தெரியாம பண்ணியோ. ஐரோப்பாக்குப் போயி வாங்கப் போறன்னு சொல்லியிருந்தின்னா கட்டையால அடிச்சிருப்பன். அங்க சுத்திப் பாக்க நம்ம பாஸ்போர்ட்டுக்கு எத்தன நாளு குடுக்கறான்? எந்த 180 நாள எடுத்துக்கிட்டாலும் அதுக்குள்ள 90 நாளுதான். பாரிசு, ரோம், ஜெர்மனி எல்லாம் ஒரே கணக்குல சேந்துடும். அந்தத் தொண்ணூறு நாள்ல வண்டி தேடறதுக்கு இருவது நாளு, பேரு மாத்த, இன்சூரன்சு போட பத்து நாளு, விக்கறதுக்கு முப்பது நாளுன்னு வச்சிக்க. மிச்சம் எத்தன? அதுக்கு எவனாவது வண்டி வாங்குவானா? ஜெர்மனியில அங்கயே குடியிருக்கறன்னு விலாசத்தப் பதிஞ்சி வச்சிருக்கணும். இங்கிலாந்துலயும் பதிவுச் சீட்டு வந்து சேர அந்த ஊரு விலாசம் வேணும். லண்டன்ல சித்தப்பா பையன் இருக்கானேன்னு சொல்லுவ. இருக்கான். நீ கேமராவுல புடிபட்ட அபராதமெல்லாம் அவன் வூட்டுக்கு வரும்போது எத்தன நாளைக்கு அவன் சித்தப்பா பையனா இருப்பான்னு பாரு.

ஆஸ்திரேலியா பெருசு. மாநிலத்துக்கு மாநிலம் பதிவு மாறும், வாங்குன மாநிலத்துல விக்கலன்னா இழுவ. அமெரிக்காவும் அப்படித்தான். அத வுடு.

நியூசிலாந்துல சுத்திப் பாக்க வரவனுக்குப் பதினெட்டு மாசத்துல ஒம்பது மாசம் வரைக்கும் தங்க வுடறான். பேரு மாத்தறது ஏஜெண்டு கடையிலயே முடிஞ்சிடுது. பாஸ்போர்ட்டக் காட்டி, அந்த ஊரு விலாசம் ஒண்ணு எழுதிக் குடுத்தா ஆச்சி. வண்டி ஓட்டறதும் நம்மள மாதிரி எடது பக்கம். பாம்பே கெடையாதாம். இதத்தான் என்னால நம்ப முடியல. பேத்திய நாலு எடத்துல தேடிப் படிக்கச் சொன்னன், நாலுலயும் கெடையாதுன்னுதான் போட்டுருக்குது. பாம்புக்குப் பதிலா ஒரு வக ஈ இருக்குதாம், மேக்குக் கரை முழுக்க. கடிச்சா வாரக் கணக்குல சொறியணுமாம். படத்துல கம்பளிச் சட்ட எதுக்குன்னு இப்பதான் எனக்கு வெளங்குது.

காசு கணக்கு என்னா சொல்லுது? பழைய வேன்ல கட்டிலப் போட்டு வச்சது பத்தாயிரம் டாலருக்கும் கெடைக்கும். கக்கூசு, அடுப்பு, குளிக்க எடம்னு எல்லாம் வச்ச நெசமான மோட்டார் ஹோமு, கொஞ்சம் புதுசா இருந்தா ஒரு லட்சம் டாலரத் தாண்டும். அவங்க டாலரு நம்ம அம்பது ரூவாக்கு முன்ன பின்ன. பெருக்கிப் பாரு. பெருக்கும்போது தண்ணி குடிச்சிக்க.

இம்மாம் பணத்த இங்கேர்ந்து அனுப்பறதுக்கும் ஒரு கணக்கு இருக்குது. ரிசர்வ் பேங்கு ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டுல இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரைக்கும் வுடுது. ஒனக்கு அது போதும், அது பிரச்சன இல்ல. 2025 ஏப்ரல்லேர்ந்து பத்து லட்சம் ரூவாக்கு மேல இந்த மாதிரி வெளிய அனுப்புனா, மேல போவற தொகையில நூத்துக்கு இருவது ரூவா வரின்னு பேங்குலயே புடிச்சிக்குவான். வருசக் கணக்கு காட்டும்போது கழிச்சிக்கலாம், இல்ல திருப்பி வாங்கலாம், போவாது. ஆனா அது வரதுக்குள்ள நீ போயி, சுத்தி, வித்து, வந்து, திண்ணையில ஒக்காந்து என்கிட்டக் கடன் கேட்டுக்கிட்டு இருப்ப. வண்டி வெலைய மட்டும் கையில வச்சிக்கிட்டுக் கெளம்பாத.

வாங்கற வெதத்துக்கு வரன். இது என் தொழிலு, கவனமாக் கேளு. தியாகதுருகம் சந்தையில ஒருத்தன் மாட்டப் புடிச்சிக்கிட்டு வந்தா நாங்க மொதல்ல கொம்புப் பெயிண்டப் பாக்க மாட்டம். வாயத் தொறந்து பல்ல எண்ணுவம். சுழி பாப்பம். நாலு எட்டு நடக்க வுட்டுப் பின்னங்காலப் பாப்பம். மாட்டுக்காரன் எந்தப் பக்கம் நின்னு மறைக்கறானோ அந்தப் பக்கம் போயிப் பாப்பம். அவன் எதுக்கு விக்கறான்னு அவன்கிட்டக் கேக்க மாட்டம், அவன் கூட வந்த சின்னப் பையன்கிட்டக் கேப்பம்.

வண்டியும் அதேதான். சீரியல் பல்பு தொங்கவுட்டுருப்பான், குட்டியா ஒரு செடி வச்சிருப்பான். பாக்காத. எல்லாக் கதவையும் சாத்தி, கொஞ்ச நேரம் கழிச்சித் தொறந்து மோந்து பாரு. ஈர நாத்தம் வருதா? சன்னல் மூலையில, கூர சேர்ற எடத்துல, வெரலால அழுத்திப் பாரு. பொதபொதன்னு உள்ள போவுதா? அந்த வண்டிக்கு உள்ளுக்குள்ள தண்ணி எறங்கி செவுரு புழுத்துப் போச்சின்னு அர்த்தம், எஞ்சின் தங்கமா இருந்தாலும் தொடாத. எஞ்சின ஒனக்கு முன்ன ஓட்டிச் சூடு பண்ணி வைக்காதன்னு சொல்லு, நீ போயி ஆறுன எஞ்சின ஸ்டார்ட் பண்ணு. டைமிங் பெல்ட்டு எப்ப மாத்துன, பில்லு எங்கன்னு கேளு. பில்லத் தேடறன்னு சொல்றவன் பில்லு இல்லாதவன். விக்கறவன் ஒரு மாசத்துக்குள்ள எடுத்த எஃப்.சி. குடுக்கணும்னு அங்க சட்டம். "இருக்கறபடியே எடுத்துக்கறன்"னு நீ எழுத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாதான் அவன் தப்பிப்பான். அந்தச் சீட்ட நீட்டுவான், சிரிச்சிக்கிட்டே நீட்டுவான். நீயும் சிரிச்சிக்கிட்டே வாண்டாம்னு சொல்லு.

அடமானத்துல இருக்கற மாட்ட ஓட்டிக்கிட்டு வந்து விக்கற பயலுங்க அங்கயும் உண்டு. அதுக்குன்னு சர்க்காரு பதிவேடே இருக்குது. வண்டி நம்பரப் போட்டா, அதுமேல கடன் நிக்குதா இல்லியான்னு சொல்லிடும். சில்லறக் காசுதான் செலவு. அதப் பாக்காம வாங்குனா கடன் குடுத்தவன் ஒன்கிட்ட வந்து வண்டியப் புடுங்குவான், வித்தவன் பாலித் தீவுல கடல் குளிப்பான்.

டீசல் வண்டின்னா இன்னொரு வெவகாரம். நம்மூர்ல டீசல்லயே வரிய வாங்கிடறான். அங்க டீசல்ல அந்த வரி இல்ல. அதுக்குப் பதிலா இத்தன கிலோமீட்டரு ஓட்டப் போறன்னு முன்னக்கூட்டியே காசு கட்டிச் சீட்டு வாங்கி, கண்ணாடியில ஒட்டிக்கணும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர்னு பேத்தி படிச்சிது. டீசல் மலிவா இருக்குதேன்னு பங்க்ல நீ குதிப்ப, அப்ப இத நெனச்சிக்க. விக்கறவன் கட்டாம ஓட்டுன கிலோமீட்டரு இருந்தா அதுவும் ஒன் தலையில வுழும். ஆக மீட்டரப் பாரு, சீட்டப் பாரு, ரெண்டும் ஒத்துப் போவுதான்னு பாரு. அந்த ஊரு வடக்கு மொனையிலேர்ந்து தெக்கு மொனைக்கே ரெண்டாயிரம் கிலோமீட்டரு. நடுவுல கடல். ரெண்டு தீவுக்கும் எடையில கப்பல்ல வண்டிய ஏத்தணும், மூணரை மணி நேரம். கப்பல்காரன் வண்டியோட நீளத்த அளந்துதான் காசு கேப்பான். பெருசா வாங்குனா கவுரவம்னு நெனைக்கறியே, அந்தக் கவுரவத்தக் கப்பல்காரன் மீட்டர் போட்டு விப்பான்.

வண்டி மோதுனா? அங்க வண்டிக்கு இன்சூரன்சு கட்டாயமில்ல. அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவ 1974லேர்ந்து சர்க்காரே ஒரு நிதியத்துலேர்ந்து பாத்துக்குது. அதக் கேட்டுட்டு நீ "அப்ப மிச்சம்"னு கணக்குப் போடாத. இடிபட்ட அடுத்தவன் காருக்கு நீதான் அழணும். அவன் காரு ஒன் வண்டிய வுட வெல அதிகமா இருக்கும். மூணாம் ஆளு இன்சூரன்சாவது போட்டுக்க.

ஒங்கம்மா ஊறுகா போட்டுக் குடுக்கப் போவுது, அதையும் சொல்லிடறன். எலுமிச்சங்கா ஊறுகா, பருப்புப் பொடி, முருங்கக்கீர, மல்லாட்ட உருண்ட. குடுக்காம வுடாது. வாங்கிக்க, ஆனா ஏர்போர்ட்ல குடுக்கற பாரத்துல ஒண்ணு வுடாம எழுதிக் காட்டு. இல்லன்னு சொல்லி மாட்டிக்கிட்டா அந்த எடத்துலயே 400 டாலர். ஆமா, அதுவும் நானூறுதான். அந்த ஊர்ல மனுசனத் திட்டறதுன்னாலே நானூறு டாலர்தான் போலருக்கு. ஊறுகாய எடுத்து வச்சிக்கிட்டாலும் வச்சிக்குவான், உருண்டைய வுட்டாலும் வுடுவான். செருப்பு, பூட்ஸ் அடியில மண்ணு ஒட்டியிருந்தா அதையும் சொல்லணும். கல்வராயன் மல மண்ண அவன் நாட்டுக்குள்ள வுட மாட்டான். நம்ம மண்ணுக்கு அம்புட்டு மரியாத.

போன மாசம் நீ ஒண்ணு சொன்னியாமே, "வெள்ளக்காரன் செய்யறான், நாம செய்யக் கூடாதா"ன்னு? செய்யி. வெள்ளக்காரன் செஞ்சத நானும் பாத்துருக்கன். அறுவது எழுவதுகள்ல லண்டன்லேர்ந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா டப்பா வேன ஓட்டிக்கிட்டு இந்தியாவுக்கு வந்தாங்க. 1957லயே லண்டன்லேர்ந்து கல்கத்தாவுக்கு பஸ்சே வுட்டாங்க. திருவண்ணாமல கோயில் பக்கம் ஒரு வேன் நிக்கும், தாடிக்காரன் ஒருத்தன் அதுக்கு அடியில படுத்துக்கிட்டு எதையோ திருகிக்கிட்டு இருப்பான். எப்ப போனாலும் திருகிக்கிட்டுத்தான் இருப்பான். 1979ல ஈரான்ல புரட்சி, அதே வருசக் கடைசியில ஆப்கானிஸ்தான்ல ரஷ்யப் பட்டாளம். அந்த வழி அதோட போச்சி. வண்டிய வாங்கி அப்படியே கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிக்கிட்டு வந்துடறன்னு எவனாவது கூட்டாளி சொன்னா நம்பாத. நடுவுல கடல் இருக்குது, அது இல்லன்னாலும் 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் எல்லையில அட்டாரி கேட்டையே சாத்திட்டாங்க.

அந்தத் தாடிக்காரனுக்கும் ஒனக்கும் ஒரு வித்தியாசம். அவனுக்கு வேன் அடியில படுத்துத் திருகத் தெரிஞ்சிது. ஒனக்கு ஸ்டெப்னி மாத்தத் தெரியுமா? தெரியலன்னா சொல்லு, நம்ம பஞ்சர் கடப் பையன்கிட்ட ஒரு நாளு ஒக்காரு. அவன் காசு வாங்க மாட்டான், சிரிக்க மட்டும் செய்வான்.

மாசக் கணக்குல வெளியூர்ல போயித் தங்கறத நம்ம சனம் இன்னிக்கு நேத்தா பண்ணுது? வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மலசனங்களக் கேளு. மெளகு பறிக்கக் கேரளா போறாங்க, காப்பிக் கொட்ட பறிக்கக் குடகுக்குப் போறாங்க. குடும்பத்தோட போவும், கொழந்த குட்டியோட. அரிசி, ஒரு அலுமினியக் குண்டான், தார்ப்பாயி. அறுப்பு முடிஞ்ச கழனியில வாத்து மேய்க்க வரானே, அவன் தார்ப்பாயக் கட்டிக்கிட்டு வாரக் கணக்குல அங்கியே படுப்பான். இவங்க கெளம்பறதுக்கு முன்ன மூணு கேள்வி கேப்பாங்க. தண்ணி எங்க? ஒதுங்க எடம் எங்க? தங்கிக்கலாமான்னு யாரக் கேக்கணும்? பச்சச் சீட்டுக் குடுக்கற நியூசிலாந்து சர்க்காரும் கடசியில இந்த மூணத்தான் கேக்குது. நீதான் கேக்கல. நீ கேட்டது வைஃபை எங்க, சோலார் எத்தன வாட்டு, டிரோன் பறக்க வுடுவானா.

டிரோனு. வானத்துலேர்ந்து ஒன்ன நீயே பாத்துக்க ஒரு மிசினு. அது கெடக்கட்டும்.

மருமவ என்னா சொல்லுது? அதக் கேட்டியா? ஆறு மீட்டரு நீளம், ரெண்டு மீட்டரு அகலம். அதுக்குள்ள சமையலு, படுக்க, கக்கூசு, நீ, அது. நம்மூர்ல புருசம் பொண்டாட்டிக்குச் சண்ட வந்தா அவன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிடுவான். அது பக்கத்து வூட்டுக்குப் போயி ஒன்னப் பத்தி நாலு வார்த்த பேசும். சாயந்தரத்துக்குள்ள ரெண்டும் ஆறிடும். அங்க மழ ஊத்தும். கதவு ஒண்ணு. டீக்கட எம்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட. பேசற பாஷையில பக்கத்து வூடு கெடையாது. எங்க போவ?

அதனால ஒண்ணு செய்யி. ஒம்மச்சான்கிட்ட ஒரு ஆம்னி இருக்குதுல்ல, அதக் கேளு. பின் சீட்டக் கழட்டிப் பலகையப் போடு. ஐப்பசி மழையில, மருமவளயும் கூட்டிக்கிட்டு, கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி டேமப் பாத்துட்டு மல ஏறு. ஆடி மாசம் வாண்டாம், அப்ப ஊரே அங்க இருக்கும். காட்டுக்குள்ள நிறுத்தாத, பாரஸ்டுக்காரன் வருவான். வெள்ளிமலையில தெரிஞ்சவங்க வூட்டு வாசல்ல கேட்டுட்டு நிறுத்து. மூணு ராத்திரி. லாட்ஜுக்குப் போவக் கூடாது, ஓட்டல்ல தின்னக் கூடாது. உள்ளயே ஆக்கணும், உள்ளயே தொவைக்கணும், மழ வுட்டாத்தான் காயணும். மேகம் அருவி, பெரியார் அருவி ரெண்டையும் பாரு, படமும் எடுத்துக்க, வாண்டாங்கல. நாலாம் நாளு கீழ எறங்கும்போது ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்கன்னா பாதி பரீட்ச பாஸு.

மிச்சப் பாதி அங்க போயித்தான். எறங்குன ஒடனே வாங்காத. பத்து நாளைக்கு வாடக வண்டி எடு. காசு போவுதேன்னு பாக்காத, மாடு வாங்கறவன் தரகுக் காசுக்கு அழலாமா? அந்தப் பத்து நாள்ல ஒனக்கே தெரியும், பெரிய வண்டி வேணுமா, சின்னது போதுமா, இல்ல வண்டியே வாண்டாமா, ரூம் எடுத்துத் தங்கிக்கிட்டு சின்னக் கார்ல சுத்துனாப் போதுமான்னு. நெறைய பேரு கடசிக் கேள்விகிட்டதான் நிப்பாங்க. நிக்கறதுல வெக்கம் ஒண்ணுமில்ல. ஒரு மாசம், ஒண்ணர மாசம்தான் லீவுன்னா வாடகதான் லாபம், பேச்சே வாண்டாம். நாலு மாசத்துக்கு மேல போனாத்தான் வாங்கற கணக்கு வேல செய்யும்.

வாங்கறதா முடிவு பண்ணுனா பருவத்தப் பாரு. நமக்கு மார்கழி அவங்களுக்கு வெயில் காலம். எல்லாப் பயலும் நவம்பர், டிசம்பர்ல வந்து எறங்கி வண்டி வண்டின்னு அலைவான். வெல ஏறும். ஏப்ரல்ல குளுரு தட்டும், எல்லாரும் ஒரே நேரத்துல வித்துட்டு ஓடுவான். வெல எறங்கும். அறுவட நேரத்துல மல்லாட்ட என்னா வெலைக்குப் போவும்னு ஒனக்கு நான் சொல்லணுமா? ஆகஸ்டு, செப்டம்பர்ல குளுரோட குளுரா போயி வாங்கு. பிப்ரவரியிலயே விக்க ஆரம்பிச்சிடு. வாங்கறவனும் விக்கறவனும் கூடற எடம் ஆக்லாந்து ஒண்ணு, கிறைஸ்ட்சர்ச் ஒண்ணு. அந்த ரெண்டு ஊர்ல ஒண்ணுல முடியற மாதிரி சுத்து. எங்கியோ தெக்குக் கோடியில போயி நின்னுக்கிட்டு வாங்க ஆளு தேடாத.

திரும்பற டிக்கெட்ட, விக்கற தேதிக்கு மறுநாளு போட்டுடாத. அத மோப்பம் புடிக்கறவன் இருப்பான். "எப்ப ஊருக்குப் போறீங்க?"ன்னு பாசமாக் கேப்பான். தேதிய மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாத. சொன்னின்னா அந்தத் தேதிக்கு மொத நாளு சாயந்தரம் பாதி வெலையோட வருவான், நானே அப்படி வந்துருக்கன். மூணு வாரமாவது கையில வச்சிக்க.

வித்த அன்னிக்கே, பணம் பேங்குல ஏறுன ஒடனே, வண்டிய வித்துட்டன்னு போன்லயே பதிஞ்சிடு. வாங்குனவன் பதிஞ்சிக்குவான்னு வுட்டுட்டு ஏரோப்ளேன் ஏறிடாத. அவன் பதிய மாட்டான். ஓவர் ஸ்பீடுல போவான், கண்ட எடத்துல நிறுத்திப் படுப்பான், நானூறு நானூறா நோட்டீசு ஒன் பேருக்கே வரும். நம்மூரு விலாசத்தக் குடுத்துருந்தின்னா போஸ்ட்மேன் நேரா என்கிட்டதான் குடுப்பான். இங்கிலீசு நோட்டீசு, நான் படிக்க மாட்டன். பேத்திக்கும் பரீட்ச வந்துடும்.